64 புள்ளிக்குள் ஒரு வாவி மீன்: பிக்சல் உலகின் அதிசயங்கள் தெரியுமா?

கணவாய், நண்டு, ஒக்டோபஸ்! நம் கிழக்குக் கரைக் கடலில் வாழும் இந்த மூன்றும்தான் 1978இல் ஜப்பானையே ஆட்டிப்படைத்தன, தெரியுமா? ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ கேமில் வரிசை வரிசையாக இறங்கி வரும் வேற்றுக்கிரகக் கூட்டத்தை உற்றுப் பாருங்கள். மூன்றே ரகம்தான். மேல் வரிசையில் கணவாய், 8 புள்ளி அகலம். நடுவில் நண்டு, 11 புள்ளி. கீழே ஒக்டோபஸ், 12 புள்ளி. மூன்றுக்கும் உயரம் வெறும் 8 புள்ளி!

அதைவிடப் பெரிய அதிசயம், அவற்றை வரைந்தவர் ஓவியரே அல்லர். டைட்டோ நிறுவனத்தில் இருந்த டொமொஹிரோ நிஷிகாடோ ஒரு பொறியாளர். யோசனை அவருடையது, நிரல் அவருடையது, படமும் அவருடையது. போதாக்குறைக்கு அந்தக் கேமை ஓட்டும் மின்பலகையையும் அவரே வடிவமைத்தார். ஏறத்தாழ ஒரு வருட உழைப்பு. முதலில் விமானமும் டாங்கியும்தான் போடப் பார்த்தார்; அன்றைய கருவியில் அவை நினைத்தபடி அசைந்து கொடுக்கவில்லை. மனித உருவம் நன்றாகவே அசைந்தது, ஆனால் மனிதரைச் சுடுவது சரியில்லை என்று கைவிட்டார். எச்.ஜி. வெல்ஸ் எழுதிய செவ்வாய்க் கிரகவாசிகள் நினைவுக்கு வர, கடல் உயிரினங்களிடம் போய்விட்டார்.

சுடச் சுட எதிரிகள் வேகம் எடுப்பார்களே, அதை அவர் திட்டமிட்டு எழுதவில்லை, தெரியுமா? திரையில் உருவங்கள் குறையக் குறைய, வரைய வேண்டிய வேலை குறைந்து, சிப் தானாகவே வேகமாக ஓடியது. ‘அட, இது நன்றாயிருக்கிறதே’ என்று அப்படியே விட்டுவிட்டார். உலகம் முழுக்க நெஞ்சைப் படபடக்க வைத்த அந்தப் பரபரப்பு, ஒரு கருவியின் இயலாமை தந்த வரம்!

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பகலில் வேலையோ படிப்போ முடித்துவிட்டு, இரவில் லேப்டாப்பைத் திறந்து சொந்தமாகக் கேம் எழுதுகிறவர்களுக்கு ஒரு நோய் பொது. குதிப்பது வேலை செய்யும், மோதினால் உயிர் குறையும், புள்ளிக்கணக்கு ஏறும். ஆனால் கதாநாயகன் ஒரு சிவப்புச் சதுரம். சரி, வரைந்துதான் பார்ப்போமே என்று தொடங்கினால் இரண்டு நாளில் ‘எனக்குக் கை வராது’ என்று மனசு விட்டுப்போகும். அப்படி மனசு விட்டுப்போன எல்லாருக்கும்தான் இந்தக் கட்டுரை. பிக்சல் ஆர்ட் எனும் புள்ளி ஓவியத்தின் கதையில் முக்கியமான பல இடங்களில் நின்றவர்கள் ‘கை வராத’ ஆட்கள்தான்! அதுவும் மட்டக்களப்பு வாவிக்கரையில் பிறந்த நமக்கு அது அந்நியமே இல்லை.

எட்டு எண்களில் ஒரு மீன்

தூரிகையே தொடாமல், எண்களைத் தட்டி ஒரு மீன் வரையலாம், தெரியுமா? இதோ: 0, 57, 123, 191, 255, 123, 57, 0.

அவ்வளவுதான். மீன் முடிந்தது! நம்பாவிட்டால் ஒவ்வோர் எண்ணையும் இரும எண்ணாக மாற்றி, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். 57 என்பது 00111001. 123 என்பது 01111011. 191 என்பது 10111111. 255 என்றால் எட்டும் ஒன்று. ஒன்று வரும் இடத்தில் கட்டத்தைக் கறுப்பாக்குங்கள், பூச்சியத்தை வெறுமையாக விடுங்கள். இடப்பக்கம் பார்த்தபடி, பிளந்த வாலோடு ஒரு குட்டி மீன் வந்து நிற்கும். 191இல் இருக்கிற அந்த ஒற்றைப் பூச்சியம்தான் கண்!

இனித்தான் வேடிக்கை. 191ஐ ஒரு நொடிக்கு 255 ஆக்குங்கள்; மீன் கண் சிமிட்டும். இரண்டு 57களையும் 56 ஆக்கித் திரும்ப 57 ஆக்குங்கள். வால் நுனி மறைந்து மறைந்து தோன்றும், மீன் நீந்தும்! பிட்டுகளை வலமிடமாகத் திருப்புங்கள்: 0, 156, 222, 253, 255, 222, 156, 0. மீன் திரும்பி மறுபக்கம் பார்க்கிறது. இது ஓவியமா, கோடிங்கா? இரண்டும்தான். நிரல் எழுதத் தெரிந்தவர் பிக்சல் ஆர்ட்டுக்கு வெறுங்கையோடு வருவதில்லை. பாதி வழி ஏற்கெனவே நடந்துவிட்டுத்தான் வருகிறார்.

இந்த 8×8 கட்டத்துக்குள், கறுப்பும் வெள்ளையும் மட்டும் வைத்து எத்தனை வெவ்வேறு படம் போடலாம் என்று கேட்டால் மலைத்துப் போவீர்கள். 18 என்று எழுதி அதன் பின்னால் 18 பூச்சியம் போட்டால் வரும் எண்ணைவிட அதிகம்! நொடிக்கு ஒரு கோடிப் படம் வீதம் கண் மூடாமல் பார்த்தாலும், பார்த்து முடிக்க 58 ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆகும். அத்தனைக்கும் இடம் வெறும் 64 புள்ளி. அதில் பெரும்பகுதி அர்த்தமில்லாத இரைச்சல்தான், உண்மை. ஆனாலும் அதற்குள் எங்கோ யாரும் இதுவரை வரையாத இறால் இருக்கிறது, தோணி இருக்கிறது.

எண்ணைப் பார்த்து வண்ணம் தீட்டியவர்களில் மிகப் பெருமைக்குரியவர்கள் யார் தெரியுமா? நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்துப் பொறியாளர்கள்! 1965 ஜூலையில் மரினர் 4 விண்கலம் செவ்வாய்க் கிரகத்தை அருகிலிருந்து எடுத்த முதல் படங்களை அனுப்பியது. ஒரு படம் 200×200 புள்ளி. எண்கள் சொட்டுச் சொட்டாக வந்து சேர்ந்தன. கணினி அதைப் படமாக்கித் தரும்வரை பொறுக்க அவர்களால் முடியவில்லை. எண்கள் அச்சான காகிதப் பட்டைகளை வரிசையாகச் சுவரில் ஒட்டினார்கள். கடையில் போய் வண்ணச் சுண்ணக்கட்டி கேட்டு, கிடைத்த பாஸ்டல் பெட்டியை வாங்கி வந்தார்கள். இந்த எண்ணுக்கு இந்த நிறம் என்று கையால் தீட்டத் தொடங்கினார்கள். ஆக, செவ்வாயின் முதல் அண்மைப் படமாக உருவானது பொறியாளர் கை தீட்டிய பிக்சல் ஓவியம்! ‘பிக்சல்’ என்ற சொல்லை அச்சில் முதலில் பயன்படுத்திய ஃபிரெட் பில்லிங்ஸ்லி இதே ஆய்வகத்துக்காரர். ஆண்டும் இதே 1965.

மீசை ஏன் வந்தது?

மாரியோவுக்கு மீசை வந்த கதை தெரியுமா? 1981இல் ‘டொங்கி கொங்’ செய்யும்போது ஷிகெரு மியமோட்டோவுக்குக் கிடைத்தது விரல் நகமளவு கட்டம். அதில் வாய் வரைய இடமில்லை. பெரிய மூக்குக்குக் கீழே மீசை போட்டால் வாயே தேவையில்லை! தலைமுடி வரைவதும், குதிக்கும்போது அது பறப்பதைக் காட்டுவதும் தொல்லை, தொப்பி போட்டாயிற்று. கை எது உடம்பு எது என்று பிரிந்து தெரிய வேண்டும். தோள்பட்டி வைத்த காற்சட்டை மாட்டியாயிற்று. உலகத்தில் பிள்ளைகள் எல்லாரும் அறிந்த ஒரு முகம், ‘இதை வரைய முடியாது, வேறென்ன செய்யலாம்?’ என்ற கேள்விகளால் செதுக்கப்பட்டது. வரைகிற கையைவிட விடுகிற புத்திக்குத்தான் இங்கே வேலை அதிகம்.

1985இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ கேமில் வானத்து மேகமும் தரையிலிருக்கும் புதரும் ஒரே படம், தெரியுமா? வெள்ளை பூசினால் மேகம், பச்சை பூசினால் புதர்! கேம் முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடக்கம். உங்கள் போன் எடுக்கும் ஒற்றைப் படம் அதைப்போலப் பல பத்து மடங்கு.

தவறிப் பிறந்தவர்களும் உண்டு. மைன்கிராஃப்டில் சத்தமில்லாமல் வந்து வெடிக்கும் பச்சைக் ‘கிரீப்பர்’ உண்மையில் ஒரு பன்றி! அந்தக் கேமைச் செய்த மார்க்கஸ் பெர்சன் பன்றியை உருவாக்கும்போது நீளத்தையும் உயரத்தையும் மாற்றிப் போட்டுவிட்டார். நிமிர்ந்து நின்ற அந்த விகாரத்தை அழிக்காமல் பச்சை பூசி வைத்துக்கொண்டார். 16×16 புள்ளிப் படங்களை ஒட்டிக் கட்டிய அந்த உலகம் 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. உங்கள் கேமில் தப்பாக வந்த படத்தை உடனே அழித்துவிடாதீர்கள், ஒரு நாள் வைத்துப் பாருங்கள்.

சூசன் கேரைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. ஆப்பிள் மக்கின்டோஷ் 1984இல் வந்தபோது, சிரிக்கும் கணினி முகம், குப்பைக்கூடை, திரியில் நெருப்புப் பற்றிய வெடிகுண்டு எல்லாம் திரையில் வந்தனவே, அவற்றை வரைந்தவர் இவர். அதற்கு முன் கணினியில் ஒரு கோடுகூட இழுத்தவர் இல்லை! கலை வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர். பள்ளிக்கூட நண்பர் ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் தொலைபேசியில் கூப்பிட்ட நேரம், இரும்பில் ஒரு காட்டுப்பன்றிச் சிற்பம் செய்துகொண்டிருந்தார். நண்பர் சொன்ன வழி என்ன தெரியுமா? கட்டம் போட்ட கொப்பி ஒன்று வாங்கு, 32க்கு 32 கட்டம் எடு, பென்சிலால் நிரப்பு. அந்தக் கொப்பியின் பக்கங்கள் இன்று நியூயோர்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன! கணிதப் பாடத்துக்கு வாங்கிய சதுரக் கொப்பி உங்கள் வீட்டு அலுமாரியிலும் கிடக்கலாம்.

பின்னலும் பூவேலையும் கைவந்திருந்ததால் அவருக்கு இந்தக் கட்டங்கள் புதிதாகவே தெரியவில்லை. அந்த இடத்தில்தான் கதை நம்மூருக்கு வருகிறது.

மருதமுனைத் தறியும் தாம்பரத்துக் கோலமும்

பிக்சல் ஆர்ட் வெளிநாட்டுச் சங்கதி என்று நினைப்பவர் மருதமுனைக்குப் போய்க் கைத்தறி ஒன்றின் பக்கத்தில் சற்று நிற்க வேண்டும். பாவும் ஊடையும் குறுக்கிடும் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரே கேள்வி: மேலே இருப்பது பாவா, ஊடையா? ஆம் அல்லது இல்லை. ஒன்று அல்லது பூச்சியம்! ஒரு சாரத்தின் கரையில் ஓடும் கோலம் இப்படி ஆயிரமாயிரம் ஆம்-இல்லைகளால் ஆனது. 1804இல் பிரான்சின் ஜகார்டு இந்த ஆம்-இல்லையைத் துளையிட்ட அட்டையில் ஏற்றித் தறிக்குக் கொடுத்தார். அந்த அட்டையைப் பார்த்துத்தான் சார்ள்ஸ் பாபேஜ் தன் கணிப்பொறித் திட்டத்துக்கும் துளை அட்டை வைத்தார். கணினி தறியிடம் கற்றது. தறி கணினியிடம் கற்கவில்லை!

வாவியைச் சூழ்ந்த ஊர்களில் பன்பாய் இழைக்கும் பெண்களின் விரல்களையும் கவனியுங்கள். சாயம் ஏற்றிய பன் எத்தனை, ஏற்றாத பன் எத்தனை, எங்கே தாண்ட வேண்டும், எங்கே அமுக்க வேண்டும் என்று கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். பாய் வளைகோடு தராது. படிப்படியாகத்தான் சரிவு வரும், பிக்சலைப் போலவே. பழைய பாய் ஒன்று வீட்டில் இருந்தால் அதன் ஓரத்துக் கட்டங்களை எண்ணிச் சதுரக் கொப்பியில் பெயருங்கள். உங்கள் கேமின் முதல் தரைவிரிப்பு தயார். இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

கோலத்துக்குக் கணினி இலக்கணம் எழுதியவர்கள் தமிழ்நாட்டில் இருந்தார்கள், தெரியுமா? சென்னைக்கு அருகே தாம்பரத்தில் இருக்கும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. அங்கே கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் 1970களின் தொடக்கத்தில், வாசலில் பெண்கள் போடும் கோலத்தைக் கணிதக் கண்ணோடு பார்த்தார்கள். ஒரு சிறு வடிவத்தை எடுத்துக்கொண்டு, சில விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால், அது வளர்ந்து பெரிய கோலமாகும். இந்த விதிகளைக் கட்டம் கட்டமான குறிகளுக்கான இலக்கணமாக எழுதி, 1974இல் கோலத்தையே தலைப்பில் வைத்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். படங்களை உருவாக்கும் மொழிகள் என்ற கணினி அறிவியல் துறையில் அவர்களின் பெயர் நிலைத்துவிட்டது. இரண்டு ‘ஃபோர்’ வட்டமும் ஒரு ‘இஃப்’பும் தெரிந்த எவரும் இன்றிரவே புள்ளிக்கோலம் போடும் நிரல் எழுதலாம். அது திரையில் விரியும்போது கிடைக்கிற சந்தோஷம் இருக்கிறதே, அடுத்த வாரம் முழுக்க அது உங்களை இழுத்துக்கொண்டு போகும்!

ஊரே ஒரு படத்தொகுப்பு

என்ன வரைவது என்று தெரியாமல் நிற்பவர்தான் சீக்கிரம் கைவிடுகிறார். டிராகனும் கோட்டையும் வரையப்போய்ச் சோர்ந்துவிடுகிறார். கல்லடிப் பாலத்தைப் பாருங்களேன்! 1924இல் திறந்த இரும்புப் பாலம். ஆளுநர் மானிங்கின் மனைவி பெயரால் லேடி மானிங் பாலம். ஏறத்தாழ 288 மீட்டர் நீளம். உங்கள் கேமில் ஆள் 16 புள்ளி உயரம் என்று வைத்தால், 10 சென்ரிமீட்டருக்கு ஒரு புள்ளி கணக்கு வரும். பாலம் 2,880 புள்ளி! அவ்வளவையும் வரைய வேண்டுமா? வேண்டாம். இரும்புச் சட்டம் ஒரே மாதிரித் திரும்பத் திரும்ப வருகிறது. 16 புள்ளி அகலத்தில் ஒரு துண்டு வரைந்து 180 தடவை அடுக்கினால் பாலம் முழுவதும் நின்றுவிடும். ஒரு மாலை வேலை. இரண்டாவது நாள் ஒரு சைக்கிள் வரைந்து அதன் மேல் ஓட்டிவிடலாம்!

பாலமீன்மடுவின் வெளிச்சவீடு 1913இல் கட்டியது, 28 மீட்டர். அதே கணக்கில் 280 புள்ளி. சின்னத் திரைக்குள் அடங்காது. அதனால் என்ன? கதாநாயகன் ஏற ஏறத் திரை மேலே நகரட்டும். உங்கள் கேமுக்கு ஒரு கட்டம் பிறந்துவிட்டது.

தண்ணீர்? ஐம்பத்தாறு கிலோமீட்டர் நீண்டு கிடக்கிற வாவியை எப்படி அசைப்பது? இதற்கு ஒரு மாய வித்தை இருக்கிறது, தெரியுமா? படத்தில் ஒரு புள்ளியைக்கூடத் தொடாமல் தண்ணீரை ஓட வைக்கலாம்! அந்தக் காலத்துக் கணினிகளில் ஒவ்வொரு புள்ளியும் நிறத்தை நேரடியாக வைத்திருக்காது. ‘என் நிறம் 5ஆம் இலக்கம்’ என்று மட்டும் சொல்லும். 5ஆம் இலக்கம் எது என்பது தனி அட்டவணையில் இருக்கும். அந்த அட்டவணையில் நாலைந்து நீலங்களை வட்டமாக இடம் மாற்றிக்கொண்டே இருந்தால், படம் அப்படியே நிற்கும், நிறம் மட்டும் ஓடும், அலை புரளும்! மார்க் ஃபெராரி என்ற ஓவியர் 1990களில் இந்த உத்தியில் மழையும் அருவியும் பனியும் ஓடவிட்ட காட்சிகளைப் பார்த்தால் இன்றைய முப்பரிமாணக் கேமே கொஞ்சம் வெளிறித் தெரியும். ஓவியர் செய்த இந்த அற்புதத்தை நிரலாக எழுதினால் மூன்று நான்கு வரி. பட்டியலின் கடைசி உறுப்பை எடுத்து முதலில் போடுவது, அவ்வளவே.

அதே அட்டவணையை முழுதாக மாற்றினால் பொழுதே மாறும். எழுவான்கரையில் விடிகாலைக்கு ஒரு 16 நிறம், படுவான்கரை வயல்களுக்கு மேலே சூரியன் இறங்கும் நேரத்துக்கு வேறு 16 நிறம். தென்னை அதே தென்னை, தோணி அதே தோணி. இரண்டு கரைக்கும் தனித்தனியே வரைய வேண்டியதே இல்லை. மஞ்சளையும் ஊதாவையும் எங்கே வைப்பது என்று குழப்பமா? மாலை ஆறு மணிக்கு வாவிக்கரையில் நின்று ஒரு படம் எடுங்கள். அதிலிருந்து 8 நிறம் மட்டும் பொறுக்குங்கள். அந்த எட்டும் ஒன்றோடொன்று சண்டை போடாது.

சத்தமும் இலவசம்! நிலவு வெளிச்சத்தில் இந்த வாவி பாடுவதை 1848இல் இங்கே வந்த எமர்சன் டெனன்ட் தன் காதால் கேட்டு, 1859இல் வெளிவந்த இலங்கை பற்றிய நூலில் விரிவாக எழுதினார், தெரியுமா? பாடுவது மீனா, வேறெதுவுமா என்று அவர் விசாரித்தபோது இங்குள்ள மீனவர்கள் காட்டியது ஊரியை, அந்தச் சின்னச் சிப்பி உயிரை. ஊரியின் சுருளை 8×8 கட்டத்துக்குள் போட்டுப் பாருங்கள். சுருள் ஒன்றரைச் சுற்றோடு நின்றுவிடும். மீதியைப் பார்ப்பவரின் கண் தானே முடித்துக்கொள்ளும். இருளில் ஊரியைத் தொட்டால் ஒரு சுரம் ஒலிக்கட்டும், ஏழு ஊரிகளைத் தொட்டால் ஒரு பண். இப்படியொரு கேமை யாராவது செய்தால் முதலில் விளையாடுவது நான்தான்.

நான்கரை வருடமும் நான்கு நாளும்

சரி, மனம் சோராமல் இருப்பது எப்படி? எரிக் பரோனின் கதை தெரியுமா? அமெரிக்காவில் கணினி அறிவியல் படித்து முடித்தவர். வேலை கிடைக்கவில்லை. நேர்முகத் தேர்வுக்குக் கைப்பழக்கமாக இருக்கட்டும் என்று சீ-ஷார்ப்பில் ஒரு சின்ன விவசாயக் கேம் எழுதத் தொடங்கினார். சில மாதத்தில் முடியும் என்று நினைத்தது நான்கரை வருடம் இழுத்தது! நிரல், இசை, கதை, படம் எல்லாமே தனியாள். அவருடைய தொடக்க காலப் படங்களைத் தேடிப் பாருங்கள்: மரம் மொட்டையாக, முகங்கள் விறைப்பாக இருக்கும். கை தேறத் தேறப் பழையதை அழித்து மறுபடி வரைந்தார், மறுபடியும் வரைந்தார். செலவுக்கு மாலையில் அரங்கொன்றில் ஆட்களை இருக்கையில் அமர்த்தும் வேலை. 2016 பெப்ரவரியில் வந்தது ‘ஸ்டார்டியூ வேலி’. 2024 முடிவதற்குள் 4 கோடிப் பிரதி தாண்டிவிட்டது! அதில் தூண்டில் போட்டு மீன் பிடிக்கும் பகுதியை ஒரு தடவை விளையாடிப் பாருங்கள், வாவிக்கரைக்காரருக்கு விட மனம் வராது.

எனக்கு இதில் பெரிதாகத் தெரிவது விற்பனைக் கணக்கல்ல. அவர் ஓவியம் கற்று முடித்துவிட்டுக் கேம் தொடங்கவில்லை, கேமுக்குள்ளேயே கற்றார். தான் வரைந்த மோசமான கோழி தன் முற்றத்தில் நடப்பதைப் பார்த்தபடி அதைத் திருத்தினார். தனியே கோப்பில் கிடக்கிற படம் யாரையும் இழுக்காது. கேமுக்குள் போட்டு, அம்புக்குறியைத் தட்டியதும் அது நகர்கிறதே, அந்த நொடிதான் மறுநாளும் உட்கார வைக்கிறது. ஆகவே வரைந்த அன்றே, எவ்வளவு கோணலாக இருந்தாலும், சிவப்புச் சதுரத்தை எடுத்துவிட்டு அதை வையுங்கள்!

நான்கரை வருடம் என்றதும் பயப்படுகிறவர்களுக்கு மறுகோடி: மடி தோர்சனும் நோயல் பெரியும் ‘செலஸ்ட்’ கேமின் முதல் வடிவத்தை 2015இல் நான்கே நாளில் முடித்தார்கள். பிக்கோ-8 என்ற கற்பனைக் கருவிக்குள். 128×128 புள்ளித் திரை, 16 நிறம், 8×8 உருவங்கள், அவ்வளவுதான் சொத்து. அந்த நாலு நாள் விதை 2018இல் பெரிய கேமாகி உலகெங்கும் பரிசு வாங்கியது. எல்லை சின்னதாக இருந்தால் முடிவு கண்ணுக்குத் தெரியும். முடிவு தெரிந்தால் கை தானாக நகரும்.

தினமும் செய்யாவிட்டால் பழக்கம் அறுந்துவிடும் என்று பயமா? லண்டன் யூனிவர்சிட்டி கொலேஜில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை வைத்து ஆராய்ந்தார்கள். ஒரு செயல் தன்னியல்பாக மாறச் சராசரியாக 66 நாள் எடுத்தது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம்! அதில் நம் காதில் தேன் வார்க்கும் முடிவு ஒன்று உண்டு. இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது பெரிதாகக் கெடவில்லை. மழை பிடித்து மின்சாரம் போன இரவையோ, கோயில் சடங்குக்குப் போன இரவையோ நினைத்து மனம் குமைய வேண்டாம். மறுநாள் இரவு மீனுக்கு ஒரு செதில் போடுங்கள்.

அறிவியல்காரருக்குக் கலை எதற்கு என்று யாராவது கேட்டால், காரைதீவில் 1892இல் பிறந்தவரைக் காட்டுங்கள். சுவாமி விபுலாநந்தர் முறையாகப் படித்தது அறிவியல், லண்டன் பி.எஸ்சி. பட்டதாரி, அறிவியல் ஆசிரியர். அவரே பின்னாளில் மறைந்துபோன யாழ்களைத் தேடிப் புறப்பட்டு, சுரங்களின் இடைவெளியைக் கணக்குப் போட்டு, ‘யாழ் நூல்’ எழுதினார். பல வருட உழைப்பு. 1947 ஜூனில் நூல் அரங்கேறியது. அடுத்த மாதம் அவர் மறைந்தார். கணக்கைப் பிடித்துக்கொண்டு கலைக்குள் நுழைந்த பெரியவர் நம் ஊர்க்காரர்! இன்று கல்லடியில் அவர் பெயரால் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. வந்தாறுமூலையில் கணினி படிப்பவருக்கும் கல்லடியில் ஓவியம் படிப்பவருக்கும் நடுவே ஒரு பஸ் தூரம்தான். ஒருவர் நிரலும் மற்றவர் நிறமுமாக ஒரு சனிக்கிழமை சேர்ந்து உட்கார்ந்தால் என்னென்ன வரும்! டொரொன்டோவில் தமிழ்க் குடும்பத்துச் சமையலறையை வைத்துச் செய்த ‘வெண்பா’ பிக்சல் கேம் அல்ல. ஆனால் அது 2024இல் பாஃப்டாவின் முதற்கேம் பரிசை வாங்கியது. நம் அடுப்படிக்கு அந்தப் பரிசு கிடைக்குமானால் நம் வாவிக்கு ஏன் கிடைக்காது?

கருவிக்குக் காசு வேண்டுமே என்பவருக்கு ஒரு நல்ல செய்தி. பிக்கோ-8இன் கல்விப் பதிப்பு உலாவியிலேயே இலவசம். பிக்சல் ஓவியர்களின் செல்லக் கருவியான ஏஸ்பிரைட் விலைக்குத்தான் விற்கிறது. ஆனால் அதன் மூலநிரல் திறந்தே இருக்கிறது. சீ-பிளஸ்-பிளஸ் தெரிந்தவர் தன் பாவனைக்குத் தானே தொகுத்துக்கொள்ளலாம், காசே இல்லாமல்! ஓவியர்களுக்கு இல்லாத சலுகை புரோகிராமருக்கு. கோடோ என்ற கேம் இயந்திரமும் முழு இலவசம், அர்ஜென்டினாவில் பிறந்தது.

கடைசியாக ஒரு சவால். பிக்கோ-8இல் ஓர் ஆங்கில எழுத்துக்கு 3×5 புள்ளி போதும், தெரியுமா? அதே இடத்தில் நம் ‘ண’வைப் போடப் பாருங்கள், விழி பிதுங்கும்! மூன்று சுழி. ஒவ்வொரு சுழிக்குள்ளும் ஒரு வெற்றுப் புள்ளியாவது வேண்டும், சுழிக்குச் சுழி சுவர் வேண்டும். மூன்று வெறுமை, நான்கு சுவர், 7 புள்ளி அதிலேயே போயிற்று! ‘ஞ’ இன்னும் பொல்லாதது. ஆனால் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் வேண்டும் என்று யார் சொன்னது? ‘ர’வுக்கு 5, ‘ண’வுக்கு 10 என்று விட்டுக்கொடுங்கள், அழகாக உட்காரும். 247 எழுத்துக்கும் 247 படம் வேண்டாம். உயிர் 12, ஆய்தம், அகர வரிசை 18, உகர ஊகார வரிசைகள் 36, துணைக்கால், கொம்பு, சுழி, புள்ளி என்று ஏழெட்டுக் குறி. எல்லாம் சேர்த்து 75க்கு முன்பின். இரவுக்கு 5 வீதம் வரைந்தால் பதினைந்தே இரவில் உங்கள் கேமின் மீன் தமிழில் கதைக்கத் தொடங்கிவிடும்!